புவனகிரிப் பக்கத்துப் பழைய எண்ணெய்க் கிணறுகளில் நீரியல் விரிசல் செய்தால் உற்பத்தி கூடுமா?

பாறையில் எண்ணெய் மிச்சமிருந்தால் கூடும். பல கிணறுகள் ஓய்வது எண்ணெய் தீர்ந்ததால் அல்ல. துளையைச் சுற்றியுள்ள பாறையின் நுண்துளைகள் சேறும் மெழுகும் படிந்து அடைத்துக்கொள்ளும். அங்கேதான் இந்த முறை கைகொடுக்கும். தண்ணீரைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். கூடவே போகும் மணல்தான் முக்கியம்: பம்பை நிறுத்தியதும் பிளவு மூடப் பார்க்கும், மணல்துகள்கள் முட்டுக்கொடுத்து எண்ணெய்க்கு வழிவிடும். அமெரிக்காவில் 1949-லேயே வணிக அளவில் தொடங்கிய முறை. பாறைக்குள் அழுத்தமே இறங்கிப்போயிருந்தால் இது மட்டும் போதாது.

நம் பகுதியில் சட்டமும் உண்டு. மேல்புவனகிரி, கீரப்பாளையம் உள்ளிட்ட வட்டாரங்கள் 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். புதிய துரப்பணத்துக்கு, அதாவது எண்ணெய்க்காகப் புதிதாகத் துளையிடுவதற்கு, தடை. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளுக்கு இல்லை. என் கவலை, மேலே திரும்பிவரும் உப்பும் ரசாயனமும் கலந்த நீர்தான். வீராணம் பாசன வயலில் அது இறங்கினால் மண்ணை மீட்பது பெரும்பாடு. அதை எங்கே கொண்டுபோய்ச் சுத்திகரிக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.