மறைந்துபோன கல்லூரித் தோழர்களை உங்கள் செட்டில் எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்?

அவர்கள் பார்த்த வேலையை எழுதி வைக்கிறோம். எங்கள் செட்டில் அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

நாங்கள் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1984-இல் சிவில் முடித்தவர்கள். 2009-இல் வெள்ளி விழாவுக்கு ஒரு மலர் போட்டோம். தொகுத்தவன் நான். இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம்: பதவி, ஊர், குடும்பம், புகைப்படம். அதற்குள் போய்விட்ட நால்வருக்குப் பெயரும், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும். மலர் வெளியான வாரம் அந்த நால்வரில் ஒருவனுடைய அம்மா மாம்பலத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "என் பிள்ளை ஆறு வருடம் வெயிலில் நின்று பாலம் கட்டினானே தம்பி, அதை ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். எந்த ஆற்றுப் பாலம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவனும் நானும் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள்.

அன்று தொடங்கியதுதான். இப்போது என்னிடம் பதினொரு பேருடைய குறிப்புகள் இருக்கின்றன.

துக்கம் கேட்கப் போகும் நாளில் நான் எதுவும் விசாரிப்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊர் திரும்பி, வீடு வெறிச்சோடிய பிறகு போகிறேன். "அவன் எப்படிப்பட்டவன்?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: நல்ல மனிதர், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். அதை வைத்துக்கொண்டு ஒருவனை இன்னொருவனிடமிருந்து பிரித்தறிய முடியாது. அதனால் முதல் சம்பளம் எந்த ஊரில் வாங்கினான், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவான், எந்த வேலையைப் பற்றி ராத்திரியில் புலம்புவான் என்று கேட்கிறேன். பிறகு அலுவலகத்தில் அவனோடு இருந்தவர்களைத் தேடிப் போகிறேன். அதிகம் தெரிந்தவர்கள் மேலதிகாரிகள் இல்லை, ஜீப் ஓட்டியவர்கள்தாம். எந்தப் பள்ளத்தில் எத்தனை மணி நேரம் நின்றான் என்பது அவர்களுக்கு நினைவிருக்கிறது.

ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். சென்னையில் குடிநீர்ப் பொறியாளனாக இருந்தான். 2003-இல் மழை பொய்த்து ஏரிகள் வறண்டு, நாமெல்லாம் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தோமே, அந்த நாட்களில் அவன் புதிய வீராணம் திட்டத்தில் வேலை பார்த்தான். வீராணம் ஏரித் தண்ணீரை நெய்வேலிக்கு அருகே வடக்குத்தில் சுத்திகரித்து, போரூர் வரை குழாயில் கொண்டுவரும் திட்டம். மொத்தம் சுமார் 235 கிலோமீட்டர், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். பழைய வீராணம் திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் சாலையோரத்தில் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. இந்த முறையாவது தண்ணீர் வருமா என்று ஊரே சந்தேகப்பட்டது. 2004-இல் வந்தது. அந்த நாட்களில் ஒருநாள் நள்ளிரவு வீடு திரும்பியவன் ஒரு பாட்டில் தண்ணீரைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தானாம். "காலையில் அதை எடுத்துக் கொடுத்து, இதில் காப்பி போடு என்றார்" என்று அவன் மனைவி சொன்னார். பராந்தக சோழனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்த ஏரியின் பெயரில் இருக்கிறது. அந்தக் காப்பியும் எங்காவது இருக்கட்டும் என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

குடும்பத்தார் சொல்லாவிட்டால் எவ்வளவு போய்விடும் என்பதற்கு எங்கள் கல்லூரியின் அ. லலிதாவைவிட வேறு சாட்சி வேண்டாம். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் நான்கு மாதக் குழந்தை. அவருடைய தந்தையே கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர். 1940-இல் சேர்ந்து 1943-இல் பட்டம் பெற்றார், இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவராக. சான்றிதழில் அச்சிட்டிருந்த 'அவன்' என்பதை அடித்து 'அவள்' என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் பக்ரா நங்கல் அணைக்கான மின்கடத்து வேலைகளில் பங்கெடுத்தார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் பன்னாட்டுப் பெண் பொறியாளர், விஞ்ஞானியர் மாநாட்டுக்குப் போனார். 1979-இல் அறுபது வயதில் மறைந்தார். அதே கட்டடத்தில் அதே ஆண்டில் நான் படித்துக்கொண்டிருந்தேன், அவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அந்த நான்கு மாதக் குழந்தை வளர்ந்து, அம்மாவைப் பற்றிப் பாதுகாத்துச் சொன்னது.

இறப்புக்கான காரணத்தை, வீட்டார் விரும்பினால் ஒழிய, எழுதுவதில்லை. கடைசியாக வகித்த பதவியைத் தலைப்பாகப் போடுவதும் இல்லை. தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்றவனுக்கு இரண்டு பக்கம், நடுவில் வேலையை விட்டவருக்கு நான்கு வரி என்று ஆகிவிடக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

எங்கள் வகுப்பில் படித்த பெண்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர், அதன்பின் "வீட்டில்தான் இருந்தார்" என்றே எங்களில் பலர் நினைத்திருந்தோம். அவர் கணவர் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம் கட்டப்பட்ட வீடுகளுக்கும் சிறு அடுக்குமாடிகளுக்கும் தூண், உத்தரம், அடித்தளம் எல்லாவற்றுக்கும் அவர் கையால் போட்ட கணக்குகள், நூல் கட்டிய கட்டுகளாக. வரைபடங்களில் கையெழுத்து வேறு யாருடையதோ. கணக்கு முழுவதும் அவருடையது. தளத்துக்குத் தளம் கம்பியின் தடிமனைக் கூட்டிக் குறைத்த இடங்களில் ஓரத்தில் பென்சிலால் காரணம் எழுதியிருக்கிறார்.

கணவருக்கு எழுபது வயதாகப்போகிறது. தன் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஒவ்வொரு கட்டடமாகக் காட்டிக்கொண்டு வருகிறார். கதவு எண்ணையும் கட்டிய ஆண்டையும் நான் குறித்துக்கொள்கிறேன். இதுவரை பதினான்கு பார்த்தாயிற்று. பழவந்தாங்கலில் இன்னும் இரண்டு இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார்.