நண்பகலில் ஏறும் ஏரி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் ஊர் ஏரி நூறு ஏக்கர். மதகு மேடையில் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி அல்ட்ராசோனிக் சென்சாரை ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டோடு சேர்த்து மாட்டியிருக்கிறோம். தண்ணீர் 4 மீட்டர் கீழே கிடக்கிறது. காலை 6 மணிக்குப் பார்த்ததைவிடப் பிற்பகல் 2 மணிக்கு தினமும் 11 செ.மீ. கூடுதலாகக் காட்டுகிறது. மழையும் இல்லை, வரத்தும் இல்லை. சென்சார் பழுதா?
– பாசன சங்கத்தார், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: பழுதில்லை, வெயில். இந்தச் சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பிவிட்டு, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் சொல்கிறது. நேரத்தைத் தூரமாக்குவது உங்கள் புரோகிராம். அதில் ஒலியின் வேகத்தை ஒரே எண்ணாக வைத்திருப்பீர்கள். ஆனால் காற்றின் சூட்டைப் பொறுத்து அந்த வேகம் மாறும். நொடிக்கு 331.3 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் 0.606 மீட்டர் கூட்டுங்கள். 25 டிகிரியில் 346.5 மீட்டர் வரும். 42 டிகிரியில் 356.8. சூட்டில் எதிரொலி முந்தி வந்துவிடுவதால் 4 மீட்டரை 3.88 மீட்டர் என்று கணக்குப் போடுகிறது புரோகிராம். தூரம் குறைந்தால் நீர் ஏறிவிட்டதாக அர்த்தமாகிறது.

இதைச் சின்ன விஷயமென்று விட்டுவிடாதீர்கள். நூறு ஏக்கரில் 11 செ.மீ. என்பது ஒன்றரை மில்லியன் கன அடிக்கும் மேல். இல்லாத தண்ணீரை இருப்பதாக நம்பி முறை வைத்துப் பாசனத்துக்குப் பிரித்தால், கடைசியில் ஏமாறுவது கடைமடை விவசாயி.

டிஎஸ்18பி20 வெப்பமானி ஒன்று வாங்குங்கள், நீர் புகாத குழாய் வடிவில் கிடைக்கும். அதன் டேட்டா கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். பலரும் தவறுவது அதை வைக்கும் இடத்தில்தான். சென்சார் பெட்டியோடு ஒட்டி வைத்தால் பெட்டியின் சூட்டைத்தான் படிக்கும். திருத்தம் அளவுக்கு மீறிப்போய், நண்பகலில் ஏரி இறங்குவதாகக் காட்டும். சென்சாருக்கு ஒரு மீட்டர் கீழே, நிழலில், ஒலி போகும் பாதைக்குப் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு அளவின்போதும் அந்த வெப்பநிலையை வைத்தே வேகத்தைக் கணக்கிடுங்கள். சென்சாருக்கு மேல் காற்றோட்டமுள்ள வெள்ளைக் கூரை ஒன்றும் தேவை.

இவ்வளவு செய்தாலும் பிழை முழுதாகப் போகாது. நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும், மேடையை ஒட்டிய காற்று கொதித்தும் இருக்கும். ஒற்றை வெப்பமானிக்கு இரண்டும் தெரியாது. அதனால் பதிவேட்டில் ஏற்ற வேண்டிய அளவு விடியற்காலை 5 முதல் 6 மணிக்குள் எடுத்ததாக இருக்கட்டும். காற்று மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும் நேரம் அது.

இன்னும் இரண்டு விஷயம். அந்தச் சென்சாரின் எக்கோ கம்பி 5 வோல்ட் தரும், ஈஎஸ்பி32 தாங்குவது 3.3 வோல்ட். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் போட்டு, நடுவிலிருந்து எடுங்கள். அடுத்து, முகத்திலிருந்து 25 செ.மீ. வரை இதற்குக் கண் தெரியாது. ஏரி நிரம்பி நீர் அதற்குள் வந்துவிட்டால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். முழு நீர்மட்டத்திலிருந்து அரை மீட்டராவது மேலே இருக்கும்படி பொருத்துங்கள்.

கேள்வி: ஓடைப் பாலம் ஒன்றில் 80 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சார் வைக்கப்போகிறோம். இடம் தேர்ந்தெடுப்பது எப்படி?
– பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

பதில்: ரேடாருக்கு வெயில் பிரச்சினை இல்லை, மின்காந்த அலையின் வேகத்தைக் காற்றின் சூடு மாற்றுவது பொருட்படுத்த வேண்டாத அளவு. விலை கூட என்றாலும் ஓடைக்கு இதுவே சரி. ஆனால் இடம் தவறினால் விலையுயர்ந்த கருவியும் தவறாகத்தான் படிக்கும்.

ரேடார் அலைக் கற்றையின் விரிவை முதலில் கணக்கிடுங்கள். 8 டிகிரி கற்றை 6 மீட்டர் கீழே 84 செ.மீ. அகல வட்டமாகிவிடும். அந்த வட்டத்துக்குள் பாலத்தின் தூணோ, உத்திரமோ, நீட்டிக்கொண்டிருக்கும் குழாயோ வரக்கூடாது. கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் வெளியே நீட்டிய இரும்புக் கை போதும். லாரி போகும்போது அதிராதபடி முக்கோணத் தாங்கல் கொடுங்கள்.

தூணுக்கு அருகே வேண்டாம். வெள்ளத்தில் தூணின் முன்பக்கம் நீர் எக்கும், பின்பக்கம் பள்ளம் விழும். நாங்கள் பரிந்துரைப்பது மேல்நீர்ப் பக்கம், இரு தூண்களுக்கு நடுவில். கைப்பிடிச் சுவரின் உயரத்தில் வைத்துவிட்டால் அடித்து வரும் மரம் மோதாது.

ரசமட்டம் வைத்து இரு திசையிலும் செங்குத்து பாருங்கள். அமைதியான நீர் ரேடாருக்குக் கண்ணாடி மாதிரி. சென்சார் சாய்ந்திருந்தால் அலை வேறு பக்கம் தெறித்துப்போய், எதிரொலி பலவீனமாகவோ வராமலேயோ போகும். சலசலக்கும் நீரில் சாய்வு தெரியாது, தேங்கிய நீரில் உடனே தெரியும்.

கோடையில் ஓடை வற்றினால் சென்சார் மணலைப் படிக்கும், அதையும் நீர்மட்டம் என்றே அனுப்பும். வெள்ளம் போனபின் மெல்லிய நீரோட்டம் அடுத்த கரைக்கு ஒதுங்கிவிட்டாலும் இதேதான். ஆகவே சென்சாருக்கு நேர் கீழே தரைமட்டத்தை லெவல் கருவியால் எடுத்து வையுங்கள். அளவு அதற்கு 5 செ.மீ. அருகில் வந்தாலே ‘வறண்டிருக்கலாம்’ என்று குறி போட வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் தரைமட்டத்தைத் திரும்ப எடுக்கவும்.

கேள்வி: சென்சார் காட்டும் அளவில் திடீர் திடீரென்று 70 செ.மீ. தாவல்கள் வருகின்றன. முந்தைய அளவிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் மாறினால் தள்ளிவிடும்படி புரோகிராம் எழுதலாமா?
– வாசகர், தேனி

பதில்: தயவுசெய்து வேண்டாம். மலையடிவார ஓடையில் வெள்ளம் வருவதே அப்படித்தான். எந்த நிமிடத்துக்காகக் கருவி வைத்தீர்களோ, அந்த நிமிடத்தையே புரோகிராம் குப்பையில் போட்டுவிடும்.

30 நொடியில் 15 அளவு எடுத்து, ஏறுவரிசையில் அடுக்கி, எட்டாவதை எடுங்கள். குறுக்கே பறந்த பறவை, ஒற்றைத் தவறான எதிரொலி எல்லாம் இரு ஓரங்களுக்குப் போய்விடும். சராசரி எடுத்தால் ஒரே ஒரு கெட்ட எண் மொத்தத்தையும் இழுத்துவிடும். பதினைந்துக்கும் இடையே சிதறல் அதிகமென்றால் சந்தேகக் குறி போட்டு அனுப்புங்கள், அழிக்காதீர்கள்.

பிறகு ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். சென்சாரின் முகத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அல்லது பனி கோத்த சிலந்தி வலை குறுக்கே தொங்கும். ஈரத்துணியால் துடைப்பதுதான் வைத்தியம். உரசும் பொருள் எதுவும் கூடாது. ஏரியாக இருந்தால் கீழே ஆகாயத்தாமரை ஒதுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இலையின் உயரம்தான் நீர்மட்டமாகப் பதிவாகிக்கொண்டிருக்கும்.

கேள்வி: லேசர் தூரமானியைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: தெளிந்த நீரில் ஒளி ஒருபகுதி உள்ளே போய்விடும், மீதி கண்ணாடியில் பட்டதுபோல் தெறிக்கும். கலங்கிய நீரில் ஓரளவு படிக்கும். கலங்கலுக்கு ஏற்ப மாறும் அளவை நம்ப முடியாது.

கேள்வி: அடைமழையில்தான் தகவல் நின்றுபோகிறது. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, 10 வாட் சோலார் பேனல். போதாதா?
– வாசகி, கடலூர்

பதில்: கணக்கு போடுவோம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, ஒரு நிமிடம் 150 மில்லி ஆம்பியர் எடுத்தால் சராசரி 10. தூங்கும்போது போர்டின் ரெகுலேட்டரும் எல்இடியும் குடிப்பதற்கு 5 சேர்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 0.36 ஆம்பியர்-மணி; ஐந்து நாள் வெயிலே இல்லாவிட்டாலும் 1.8தான். நல்ல பேட்டரிக்கு இது போதும். எனவே சந்தேகம், செல்போன் கோபுரம் வழியே தகவலை அனுப்பும் மோடம் மேல். சிம்800எல் போன்ற மோடம் கோபுரத்தைத் தேடும்போது கணநேரத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய ஒயரில் மின்னழுத்தம் சரிந்து அது அணைந்து அணைந்து எரியும். மழையில் சிக்னல் மங்கினால் தேடல் கூடும். தடித்த குட்டை ஒயரும், மோடத்தின் காலடியிலேயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போடுங்கள். தகவலை மெமரி கார்டிலும் எழுதுங்கள்.

கேள்வி: சென்சார் தரும் தூரத்தை ‘ஏரியில் இத்தனை அடி’ என்று மாற்றுவது எப்படி?
– பஞ்சாயத்து உறுப்பினர், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: சென்சார் முகத்தின் மட்டத்தை லெவல் கருவியால் எடுங்கள். அது 104.350 மீட்டர், தூரம் 3.120 என்றால் நீர்மட்டம் 101.230. மதகின் அடிமட்டம் 98.000 எனில் ஆழம் 3.23 மீட்டர், அதாவது 10.6 அடி. எல்லாமே ஒரே நிலைக்குறியிலிருந்து (மட்டம் தெரிந்த நிலையான அடையாளம்) எடுத்ததாக இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த அளவுகோலை அகற்றிவிடாதீர்கள். வாரம் ஒருமுறை அதைக் கண்ணால் படித்து, சென்சார் சொன்னதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். வேறுபாடு ஒரே பக்கமாக வளர்ந்தால் தாங்கு கை தொய்கிறது என்று அர்த்தம்.

ஏரி நிரம்பும் ஆண்டில் இன்னொரு சோதனை செலவில்லாமல் கிடைக்கும். காற்றடிக்காத காலையில், கலிங்கின் (உபரிநீர் வழியும் சுவர்) மேல்விளிம்பில் நீர் முதன்முதலாகக் கசிந்து வழியும் நேரத்தில் சென்சார் காட்டும் மட்டம் கலிங்கு மட்டத்துக்கு ஒத்திருக்க வேண்டும். வழிய ஆரம்பித்துச் சில மணி கழித்துப் பார்த்தால் பயனில்லை. விளிம்புக்கு மேலே நீர் அதற்குள் ஏறியிருக்கும்.