பத்மினிக்கு ஈகோ இன்ஜின் போடலாமா? முதலில் ஆர்.சி. புக்கை எடுத்துப் பாருங்கள்

திருச்சி வாசகர் ஒருவரின் கேள்வி. அப்பா வாங்கிய 1978 பிரீமியர் பத்மினி, இன்னும் ஓடுகிறது. ஆனால் வெயிலில் அரை மணி நேரம் ஓட்டினால் நின்றுவிடுகிறது, ஆறிய பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது. "கார்பரேட்டரோட மல்லுக்கட்டாதீங்க, மாருதி ஈகோவோட எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினை உட்கார வச்சிடலாம். ஆர்.சி. வேலையைப் பாத்துக்க நம்ம ஆளு இருக்காரு" என்கிறாராம் மெக்கானிக். (எம்.பி.எஃப்.ஐ. என்றால் கார்பரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை.) செய்யலாமா?

வேண்டாம். இன்ஜின் உட்காராது என்பதற்காகச் சொல்லவில்லை. ஈகோ இன்ஜின் நீளவாக்கில் இருந்து பின்சக்கரத்தை இழுக்கிற அமைப்பு, பத்மினியும் அப்படித்தான், அதனால் மவுண்டிங், பின்னால் போகும் ஷாஃப்ட் இரண்டையும் லேத்தில் கொடுத்துச் செய்துகொண்டால் நல்ல கைக்காரர் பொருத்திவிடுவார். எனக்குப் பயம் அந்த "நம்ம ஆளு" மேல்தான்.

உங்கள் ஆர்.சி.யில் 1089 சி.சி. என்று இருக்கும். ஈகோ இன்ஜின் கிட்டத்தட்ட 1200 சி.சி., கம்பெனியே வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆக, நேர்வழியில் இதற்கு அனுமதி கிடைக்காது. கிடைக்காத ஒன்றை ஒருவர் வாங்கித் தருகிறேன் என்றால் எப்படித் தருவார் என்று யோசியுங்கள்.

பழைய இன்ஜின் நம்பரைப் புது பிளாக்கில் அடித்துவிடுவார், அவ்வளவுதான் அவருடைய வித்தை. அப்படி ஒரு வண்டியைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் புது சில்வர் பெயின்ட், தின்னர் தொட்டுத் துடைத்ததும் கிரைண்டர் ஓடிய கோடுகள் சாய்வாகத் தெரிந்தன, அதன் மேல் எழுத்துகள் ஏறியும் இறங்கியும் நின்றன. பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது "3"-க்கு அடியில் பழைய எண்ணின் வளைவு மங்கலாக எழுந்து வந்தது. வண்டிக்காரர் பாவம், பணம் கொடுத்து வேலையை முடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர். அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று போலீஸ் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், புரோக்கர் போனையே எடுக்கமாட்டார். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயரும் முதலில் நம்பரைத்தான் பார்ப்பார், உங்கள் கிளெய்முக்கு அங்கேயே சிக்கல் ஆரம்பம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறீர்களே, பிரேக் இன்ஸ்பெக்டரும் அதையேதான் பார்ப்பார்.

ஒரே ஒரு வழி இருக்கிறது, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் புரோக்கர்கள் இதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். அதே கம்பெனி, அதே வகை இன்ஜின் என்றால் மாற்றலாம். அதாவது உங்கள் பிளாக் வெடித்துப்போய் இன்னொரு பத்மினியின் 1089 சி.சி. இன்ஜினைப் போடுகிறீர்கள் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புதல் வாங்கி, அப்புறம் மாற்றி, வண்டியைக் காட்டி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஒப்புதல் முதலில், வேலை பிறகு. மாட்டிவிட்டுப் போய்க் கேட்காதீர்கள். இன்ஜின் விற்றவரின் பில், அந்த வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டும் கையில் இருக்கட்டும், சில இடங்களில் போலீஸ் சான்றும் கேட்பார்கள். பில் இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். "அதே வகை" என்பதை "அதுவும் பெட்ரோல், இதுவும் பெட்ரோல்" என்று நீட்டுவார்கள், நம்பாதீர்கள்.

கேஸ் கிட் போட வழி வைத்திருக்கிறார்கள், பேட்டரி வண்டியாக மாற்றவும் வழி வைத்திருக்கிறார்கள். புகை கக்கும் கார்பரேட்டரை விட்டுவிட்டுச் சுத்தமாக எரிக்கும் இன்ஜின் போடுகிறேன் என்பவனுக்கு மட்டும் ஒரு ஃபாரம் கூடக் கிடையாது. சோதித்துப் பார்த்துச் சான்று கொடுக்க ஆய்வுக்கூடங்கள் நாட்டில் இருக்கின்றன, எழுதிவைக்க ஒரு விதி இல்லை. கதவை இப்படி அடைத்து வைத்தால் சன்னல் வழியாகப் புரோக்கர் வராமல் என்ன செய்வார்? எத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வேலையிலும் மெக்கானிக் சொல்லாமல் விட்டவை இருக்கின்றன. உங்கள் பழைய பம்ப் தள்ளும் பெட்ரோல் அழுத்தம் மிகக் குறைவு, இன்ஜெக்‌ஷனுக்கு வேண்டியது டயர்க் காற்றைவிட அதிகம். பழைய குழாயிலேயே அதைவிட்டால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும், தீப்பிடிக்கும். ஸ்கிராப் கடையில் இன்ஜினைக் கழற்றும்போது ஒயரிங்கைக் கட்டர் வைத்து நறுக்கியிருப்பார்கள், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் ஒரு கடையில், சாவி எங்கேயோ. சாவியும் கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டிய ரகம் என்றால் அது இல்லாமல் ஸ்டார்ட்டே ஆகாது. போதாக்குறைக்கு உங்கள் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், கூடுதல் சக்தியுள்ள இன்ஜினின் வேகத்தை அடக்க அது போதாது.

இன்னொன்று. 50 வயது ஆன வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்திருக்கிறது. உங்களுடையது 2028-ல் அந்த வயதைத் தொடுகிறது. இன்ஜினோ சேஸியோ பாடியோ பெரிதாக மாறியிருக்கக்கூடாது என்பது நிபந்தனை. விண்டேஜ் பதிவில் தினசரி ஓட்ட முடியாதுதான், அதற்காக இப்போதே அந்தத் தகுதியை இழக்க வேண்டுமா?

சரி, வண்டி நிற்பதற்கு என்ன செய்யலாம்? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைக்கிறது. பம்ப் இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, அதன் சூடு நேராக ஏறும். பம்ப்புக்கும் கார்பரேட்டருக்கும் அடியில் சூடு தடுக்கும் தடித்த பேக்கிங் இருக்கிறதா பாருங்கள், யாராவது கழற்றி எறிந்துவிட்டு வெறும் பேப்பர் கேஸ்கெட் போட்டிருப்பார்கள். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ரப்பர் குழாய், பம்ப்புக்குள் இருக்கும் டயஃப்ரம் எல்லாவற்றையும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரகமாக மாற்றுங்கள், பழைய ரப்பர் அதில் ஊறிப் பிசுபிசுத்துப்போகும். அப்படியும் நின்றால், டேங்க் பக்கம் கார்பரேட்டர் வண்டிக்கான குறைந்த அழுத்த எலக்ட்ரிக் பம்ப் ஒன்று போடுங்கள். இன்ஜெக்‌ஷன் பம்ப்பை வாங்கி மாட்டிவிடாதீர்கள், கார்பரேட்டர் நிரம்பி வழியும்.