நூறு நாள் தண்டலும் எழுதாத செக்கும்: கந்துவட்டி பற்றிய கேள்வி பதில்

கடன் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவர், கந்துவட்டி பற்றியும் அது இழுத்துவரும் குற்றங்கள் பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி (பூ வியாபாரம், மதுரை): சார், பத்தாயிரம் தண்டல் எடுத்தா 8,500 கையில தர்றாங்க. தினம் 100 ரூபாய், நூறு நாள் கட்டணும். 1,500 தானே போகுது, இதுல என்ன குற்றம்னு கேக்குறாங்க.

பதில்: பத்தாயிரத்தோடு சேர்த்துப் பார்ப்பதால்தான் 15 சதவீதம் போலத் தெரிகிறது. உங்கள் கைக்கு வந்ததே 8,500. அதுவும் நூறு நாள் உங்களிடம் தங்கவில்லை, மறுநாளிலிருந்தே நூறு நூறாகத் திரும்பிப் போகிறது. ஐம்பதாவது நாளில் பாக்கி இருக்கும் அசல் 4,600 ரூபாய் அளவுதான். அப்படி நாள்கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம், நம் பேச்சில் ‘பத்து வட்டி’.

தமிழ்நாட்டில் அடமானம் இல்லாத கடனுக்கு அரசு வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 12 சதவீதம், அடமானக் கடனுக்கு 9. அதாவது கைமாற்றுக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். ‘ரெண்டு வட்டிதானே, நியாயமான ஆள்’ என்று சொல்கிறோமே, அதுவே வரம்பைப் போல இரண்டு மடங்கு. தண்டல், நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று பெயர் சொல்லியே 2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் தடுக்கிறது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம்.

கேள்வி: சட்டம் வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏன் ஒழியல?

பதில்: மாட்டுத்தாவணியில் விடியுமுன் பூ எடுப்பவருக்கு அந்த நேரத்தில் மூவாயிரம் ரூபாய் வேண்டும். எந்த வங்கியும் அப்போது திறந்திருக்காது. திறந்தாலும் வருமானச் சான்று கேட்கும். தண்டல்காரர் தள்ளுவண்டிக்கே வருகிறார், மாலையில் அவரே வந்து வாங்கிக்கொள்கிறார். மக்கள் அந்த வசதிக்குத்தான் இவ்வளவு விலை கொடுக்கிறார்கள். பேராசையால் கடன் வாங்குகிறார்கள் என்று பேசுவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. தினக்கூலி வாங்குபவருக்கு மாதத் தவணைக் கடன் பொருந்துவதில்லை. ஆஸ்பத்திரிச் செலவும் பள்ளிக் கட்டணமும் தேதி பார்த்து வருவதில்லை.

மாற்று வழி கொஞ்சம் இருக்கிறது. தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 15,000 ரூபாய் வரை, ஒழுங்காகக் கட்டினால் 25,000, பிறகு 50,000. பிணை வேண்டாம். மாநகராட்சி தரும் வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ போதும்.

கேள்வி: கடன் வாங்கினவன் பாதிக்கப்பட்டவன். அவன் எப்படிக் குற்றவாளி ஆகுறான்?

பதில்: கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் மனைவியின் நகை அடகுக்குப் போகும். அடுத்து, திருமணத்துக்குப் போட்டுவரக் கேட்டு வாங்கிய உறவினர் நகை. அதற்கடுத்து, கடையில் வசூலான பணத்தை ‘நாளைக்கு வெச்சிடலாம்’ என்று எடுப்பது. அந்த ‘நாளை’ வராதபோது நம்பிக்கை மோசடி வழக்கு வருகிறது.

வசூலுக்கு அனுப்பப்படும் பையன்களையும் பாருங்கள். பதினெட்டு, இருபது வயது. ஒரு பைக், வசூலில் கமிஷன். மிரட்டுவதுதான் வேலை என்று யாரும் முதலில் சொல்வதில்லை. ஒரு தெருச் சண்டையில் எஃப்.ஐ.ஆர். விழுந்தால் பாஸ்போர்ட் விசாரணையிலும் அரசு வேலைக்கான நன்னடத்தைச் சான்றிலும் அது நிற்கும். வேறு வேலை கிடைக்காதவன் மறுபடி அதே முதலாளியிடம்தான் போவான்.

இன்னொரு கிளை நாமக்கல் மாவட்டத்தின் பள்ளிபாளையம் பக்கம் போகிறது. கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் 2025-ல் வெடித்தது. கடன் நெருக்குகிற இடத்தில்தான் அந்தத் தரகர்களுக்கு வேலை.

கேள்வி (மளிகைக் கடை, ஈரோடு): 2021-ல 50,000 வாங்கினப்போ கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒண்ணு கொடுத்தேன். கடனைக் கட்டி முடிச்சுட்டேன். இப்போ 4 லட்சம்னு எழுதி பவுன்ஸ் பண்ணி நோட்டீஸ் விட்டிருக்கார்.

பதில்: முதல் வேலை, நோட்டீஸைத் தூக்கிப் போடாமல் பதில் அனுப்புவது. நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள் அவகாசம். அது தாண்டினால் ஒரு மாதத்துக்குள் அவர் வழக்குப் போடலாம். பதில் அனுப்பாதவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ‘உண்மையிலேயே கடன் இல்லையென்றால் அன்றே ஏன் சொல்லவில்லை?’ என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்.

கையெழுத்து உங்களுடையது என்றால், தொகையை வேறொருவர் எழுதியிருந்தாலும் கடன் இருப்பதாகவே நீதிமன்றம் முதலில் ஊகிக்கும். 2019-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த ஊகத்தை உடைப்பது உங்கள் பொறுப்பு. உடைக்க நல்ல ஆயுதம் செக் எண். அதே செக் புத்தகத்தில் அந்த எண்ணுக்கு அடுத்த தாள்கள் எல்லாம் 2021, 2022-லேயே பாஸாகியிருக்கும். இடையிலுள்ள ஒரே ஒரு தாள் மட்டும் நான்கு ஆண்டு கழித்துத் தேதியோடு வருகிறதென்றால், அது எப்போது கை மாறியது என்பதை வங்கிக் கணக்கு அறிக்கையே சொல்லும். கூடவே 4 லட்சத்தை எந்தத் தேதியில், எப்படிக் கொடுத்தார், அவ்வளவு பணம் அவரிடம் இருந்ததற்கு என்ன சான்று, கடன் கொடுக்க லைசென்ஸ் உண்டா என்று பதிலிலேயே கேளுங்கள். ரொக்கமாகக் கொடுத்தது வருமான வரி விதிக்கு முரண் என்ற ஒரே வாதத்தை நம்பி உட்காராதீர்கள், அதனால் மட்டும் வழக்கு விழாது.

கேள்வி: வங்கியில ‘ஸ்டாப் பேமென்ட்’ கொடுத்துட்டா தப்பிக்கலாமா?

பதில்: முடியாது. பணம் தர வேண்டாம் என்று வங்கியிடம் நீங்கள் சொல்லி, அதனால் செக் திரும்பினாலும் வழக்கு வரும். ஆனால் கடனைக் கட்டி முடித்ததும் ‘இந்த எண்ணுள்ள செக்கை அவர் திருப்பித் தரவில்லை’ என்று வங்கிக்கும் அவருக்கும் பதிவுத் தபால் அனுப்பியிருந்தால், பின்னால் அது பெரிய சான்று.

கேள்வி (திருநெல்வேலி): புகார் கொடுக்கப் போனா ‘கொடுக்கல் வாங்கல், கோர்ட்டுக்குப் போ’ங்கிறாங்க.

பதில்: 2017 அக்டோபர் 23 அன்று உங்கள் ஊர் ஆட்சியர் அலுவலகத்தில், கணவன், மனைவி, இரண்டு சின்னஞ்சிறு குழந்தைகள் என்று ஒரு குடும்பமே கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்தது, நால்வருமே மடிந்தார்கள். அதற்கு முன் பலமுறை மனு கொடுத்த குடும்பம் அது. அதனால் இந்தக் கேள்விக்கு விரிவாகவே சொல்கிறேன்.

‘கந்துவட்டிக் கொடுமை’ என்று பொதுவாக எழுதினால் சிவில் தகராறு என்று ஒதுக்க வசதியாகிவிடும். தேதி, கைக்கு வந்த தொகை, பிடித்துக்கொண்ட தொகை, இதுவரை கட்டியது, இன்னும் கேட்பது, கொடுத்து வைத்த செக், புரோநோட்டு, ஏடிஎம் கார்டு என வரிசையாக எழுதுங்கள். மிரட்டிய நாள், இடம், சொன்ன வார்த்தை தனிப் பத்தியாக வரட்டும். தண்டல் அட்டையை இருபக்கமும் படம் எடுத்து இணையுங்கள். ஜிபே-யில் கட்டும்போது குறிப்பில் ‘வட்டி’ என்று எழுதுங்கள். மிரட்டல் ஆடியோ இருந்தால் அது பதிவான போனையே பத்திரமாக வையுங்கள். வாட்ஸப்பில் வந்த நகலை வைத்து நிரூபிப்பது சிரமம்.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். வழக்குப் பதியவில்லை என்றால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. ‘பேசி முடிங்க’ என்று உட்காரவைத்து, ‘இவ்வளவு பாக்கி, மூன்று மாதத்தில் தருகிறேன்’ என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும், காலாவதி ஆகும் நிலையில் இருந்த புரோநோட்டுக்கும் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு உயிர் வந்துவிடும்.

பலருக்குத் தெரியாத வழி ஒன்றும் அதே 2003 சட்டத்தில் உண்டு. அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யச் சொல்லி நீங்களே மனுப் போடலாம்.

கேள்வி: நான் தெரிஞ்சவங்களுக்கு ஒரு ரூபாய் வட்டிக்குத்தான் விடுறேன். நானும் குற்றவாளியா?

பதில்: வட்டி வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் தொழிலாகச் செய்தால் தாசில்தாரிடம் லைசென்ஸ் வேண்டும்.

கேள்வி (செங்கல் சூளை): முன்பணம் 40,000 வாங்கினோம். அடையும்வரை வெளியே போகக் கூடாதுங்கிறாங்க. பிள்ளைகளும் கல் அறுக்குது.

பதில்: இது வட்டி வழக்கே அல்ல, கொத்தடிமை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த 40,000 கடன் அப்படியே ரத்து. வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வுக்கோ ஆட்சியருக்கோ எழுத்தில் கொடுங்கள், நீங்கள் வர முடியாவிட்டால் உறவினர் கொடுக்கலாம். விடுதலைச் சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அரசு தரும் மறுவாழ்வு உதவிக்கெல்லாம் அந்தத் தாள்தான் ஆதாரம். உடனடி உதவி மட்டும் 30,000 ரூபாய் வரை.

கேள்வி: என் வீட்டுக்காரர் பத்து நாளா யார்கிட்டயும் பேசுறதில்ல. எத்தனை பேர்கிட்ட வாங்கியிருக்கார்னே தெரியல. பயமா இருக்கு சார்.

பதில்: அம்மா, இன்றைக்கே 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். 104-ம் உண்டு. இப்போதைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். ‘ஏன் வாங்கினீங்க’ என்று கேட்க வேண்டாம். கடன்காரர் வந்தால் வாசலில் நின்று பதில் சொல்லும் வேலையை ஒரு அண்ணனோ மாமாவோ எடுத்துக்கொள்ளட்டும்.

அவர் கொஞ்சம் தேறியதும் ஒரு நோட்டில் நான்கே கோடு போடுங்கள்: யாரிடம், கைக்கு வந்தது, கட்டியது, கேட்பது. அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கட்டியது, வந்ததைத் தாண்டிவிட்ட பெயர்கள் அதில் சில இருக்கும். அந்த நோட்டோடு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வாருங்கள். பெண்களுக்கு அங்கே வக்கீல் கட்டணம் கிடையாது.