ஒப்பிக்கத் தெரிகிறது, கேட்டால் திணறுகிறார்கள்

கேள்வி: நான்காம் வகுப்பில் 34 பிள்ளைகள். 10 வரை வாய்ப்பாட்டைத் தடையில்லாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் திடீரென்று 7 × 8 எவ்வளவு என்றால் ‘ஓரேழு ஏழு’ என்று முதலிலிருந்து தொடங்குகிறார்கள். 56 ÷ 8 என்றால் விழிக்கிறார்கள். பந்தை எறிந்து கேள்வி கேட்கும் விளையாட்டு வைத்துப் பார்த்தேன். வகுப்பு சந்தைக்கடை ஆனதுதான் மிச்சம். வழக்கமான நாலைந்து பேர்தான் பதில் சொன்னார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை

பதில்: பந்தில் குறையில்லை. கேள்வி கேட்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்பதுதான் சிக்கல். ஒரு கேள்விக்கு 15 விநாடி என்று வையுங்கள். 10 நிமிடத்தில் 40 கேள்வி, அதாவது தலைக்கு ஒன்று. மற்ற நேரமெல்லாம் வேடிக்கை. அதையே பிள்ளைகள் ஜோடி ஜோடியாக ஒருவரையொருவர் கேட்டால், 5 நிமிடத்தில் ஒரு பிள்ளை 20 முறை யோசித்துவிடும். எந்த விளையாட்டையும் இந்தக் கணக்கை வைத்தே எடைபோடுங்கள்.

பயிற்சி தேவைப்படுவது நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம்தான். 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் எளிதில் வந்துவிடும். மீதி 3, 4, 6, 7, 8, 9. இவற்றுக்குள் 6 × 7, 7 × 6 இரண்டையும் ஒன்றாக எண்ணினால் மொத்தம் 21 பெருக்கல்தான். விடைகள் இன்னும் குறைவு, 19. ஏனென்றால் 24, 36 இரண்டும் இரு வழிகளில் வருகின்றன.

அந்த 19 விடைகளையும் முற்றத்தில் சாக்பீஸால் எழுதுங்கள். இரண்டு கால் வைத்து நிற்குமளவுக்குக் கட்டம், கட்டங்களுக்கு நடுவே இரண்டு எட்டு இடைவெளி. வரிசையாக எழுத வேண்டாம், கலைத்துப் போடுங்கள். வரிசையாக இருந்தால் இடத்தை வைத்தே ஊகித்துவிடுவார்கள். 34 பேரும் 17 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஆறு அட்டை: முன்பக்கம் 7 × 8, பின்பக்கம் 56. நான்கு தெரிந்தவை, இரண்டு புதியவை. ஒருவர் ஓரத்தில் நின்று அட்டையின் முன்பக்கத்தைக் காட்ட வேண்டும், வாயால் சொல்லக் கூடாது. மற்றவர் பார்த்துவிட்டு விடைக் கட்டத்துக்குப் போய் நின்று, சரி என்று கை காட்டியதும் திரும்பி வர வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து ஆள் மாற்றம்.

ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு கேள்வி என்பதால் கெட்டிக்காரப் பிள்ளையின் பின்னால் ஓடிப் பயனில்லை. கேள்வியைக் கத்த வேண்டியதில்லை என்பதால் இரைச்சலும் பாதியாகக் குறையும். ஒரே கட்டத்தில் பத்துப் பேர் மோதி விழுவதும் இல்லை. இருந்தாலும் ஓட்டம் வேண்டாம், வேக நடை போதும். அட்டைகளைப் பிள்ளைகளே எழுதலாம். பின்பக்க விடையை மட்டும் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தப்பான விடை அப்படியே மனத்தில் பதிந்துவிடும்.

தவறாகப் போய் நின்றால் அங்கேயே வைத்துக் குடைய வேண்டாம். அட்டை காட்டுபவர் சரியான விடையைச் சொல்லட்டும். அந்த அட்டை இரண்டு மூன்று அட்டைக்குப் பிறகு மீண்டும் வரட்டும். உடனே கேட்டால் கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொல்லும். சற்று மறக்க விட்டுக் கேட்டால்தான் தேடி எடுக்கும்.

வகுத்தலுக்கும் இதே ஏற்பாடுதான். அட்டையில் 56 ÷ 8. தரையில் 3, 4, 6, 7, 8, 9 மட்டும், ஒவ்வொன்றும் மூன்று இடத்தில். ஆறே விடை என்பதால் குருட்டாம்போக்கில் நிற்பவர்கள் இருப்பார்கள். அதனால் ஒரு விதி: கட்டத்தில் நின்றதும் ‘எட்டேழு ஐம்பத்தாறு’ என்று பெருக்கலைச் சொன்னால்தான் செல்லும். வகுத்தலைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பெருக்கலைப் பின்னாலிருந்து பார்ப்பதுதான் அது என்று காலோடு சேர்ந்து பழகிவிடும்.

பெருக்கல் என்றால் என்னவென்றே பிடிபடாத பிள்ளைகள் இருந்தால், விளையாட்டுக்கு முன் வகுப்பையே 4 வரிசையில் எட்டெட்டுப் பேராக நிறுத்துங்கள். 32 பேர், இருவர் மீதி. அந்த இருவரே எண்ணிச் சொல்லட்டும். பிறகு நின்ற இடத்திலேயே எல்லோரும் வலப்பக்கம் திரும்பினால் 8 வரிசை, வரிசைக்கு நான்கு பேர். ஆள் மாறவில்லை, 32 மாறவில்லை. 34 ÷ 8 கேட்டால் மீதி எங்கே என்று கை நீட்டிக் காட்டுவார்கள்.

இன்னொன்றும் செய்யலாம். 6, 7, 42 போன்ற மூன்று எண்களை மூன்று அட்டையில் எழுதிக் கலைத்துக் கொடுத்து, தன் கூட்டாளிகளைத் தேடச் சொல்வது. உங்களுக்கு 11 கூட்டம், எஞ்சும் ஒருவர் சரிபார்ப்பவர். இதில் 24, 36 இரண்டையும் முதலில் சேர்க்காதீர்கள். 3, 8, 24 கூட்டத்தின் 24 போய் 4, 6 இரண்டையும் பிடித்துக்கொண்டால், 28க்கு 4 கிடைக்காமல் ஒரு பிள்ளை அழுதபடி நிற்கும்.

பந்து பிடித்திருந்தால் அதை விட வேண்டாம். ஆறு பேர் கொண்ட குழு நான்கு, ஐந்து பேர் கொண்ட குழு இரண்டு, குழுவுக்கு ஒரு பந்து. எறிபவர் ‘நாற்பத்திரண்டு, ஆறு’ என்றால் பிடிப்பவர் ‘ஏழு’ என்று சொல்லட்டும். தவறியவரை வெளியேற்றும் விதியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். யாருக்குப் பயிற்சி மிகவும் தேவையோ அவர்தான் முதலில் வெளியே போய் உட்காருவார்.

தினமும் பத்து நிமிடம் போதும். வாரத்துக்கு ஒருநாள் முழுப் பாடவேளை என்பது அந்த அளவு பலன் தராது. நேரம் வைத்துப் போட்டி, விடைகள் சரியாக வரத் தொடங்கிய பிறகு. மூன்று வெவ்வேறு நாளில் யோசிக்காமல் சரியாக வந்த அட்டையை எடுத்துவிட்டுப் புதியதைச் சேருங்கள். எடுத்த அட்டைகளை மாதம் ஒருமுறை மறுபடி கலந்து கொடுங்கள்.