ஏரியா மேனேஜர் பதவியை ஏற்பதற்கு முன்

வணக்கம் நண்பரே. மருந்து விற்பனைப் பிரதிநிதியாக ஆண்டுதோறும் இலக்கைத் தாண்டியிருக்கிறீர்கள். இப்போது ஒரு பகுதியின் பிரதிநிதிகளை வழிநடத்தும் ஏரியா மேனேஜர் பதவி தேடி வந்திருக்கிறது, ஏற்கலாமா என்று கேட்கிறீர்கள். நன்றாக விற்றதற்குக் கிடைத்த பரிசாக மட்டும் இதை நினைத்து ஏற்காதீர்கள். இது முற்றிலும் வேறு வேலை.

ஆலன் பென்சன், டேனியல் லி, கெல்லி ஷூ ஆகிய மூவர் அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை சரிந்தது. பிறரோடு சேர்ந்து விற்றுப் பழகியவர்களோ மேலாளராகச் சிறப்பாகச் செய்தார்கள். உங்களுக்கு உதவக்கூடியது இந்த இரண்டாவது செய்திதான்.

ஆகவே, பதில் சொல்லும் முன் புதிதாகச் சேர்ந்த ஒருவருடன் சில வாரங்கள் களத்துக்குப் போக அனுமதி கேளுங்கள். மருத்துவரின் அறையில் அவர் திணறும்போது, குறுக்கே புகுந்து நீங்களே பேசி முடித்துவிடத் துடிக்கிறீர்களா? அல்லது பொறுத்திருந்து, வெளியே வந்ததும் எந்தக் கேள்வியில் தடுமாறினார் என்று பக்குவமாகச் சொல்லிக்கொடுக்க முடிகிறதா? இரண்டாவது உங்களுக்குப் பிடித்திருந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சம்பள விஷயத்தில் ஒன்று: ஆள் இல்லாமல் காலியாகக் கிடக்கும் இடத்தின் இலக்கும் உங்கள் தலையில் விழுமா என்பதை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். ஒத்துவராவிட்டால் பழைய பணிக்குத் திரும்ப வழி உண்டா என்பதையும் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.