வாசகர் கேள்வி: கப்பலில் வரும் முந்திரிக் கொட்டை

கேள்வி: ஐவரி கோஸ்ட் முந்திரிக் கொட்டை 16 டன் எடுக்கப் பேசி வருகிறோம். அனுப்புகிறவர் 48 அவுட்டர்ன் என்று சான்று தருகிறார். இங்கே வந்து வெட்டினால் 45தான் நிற்கும் என்கிறார்கள் பக்கத்து ஃபேக்டரிக்காரர்கள். எங்கே குறைகிறது?
– வாசகர், காடாம்புலியூர்

பதில்: 80 கிலோ கொட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்பதுதான் அவுட்டர்ன். கிலோவுக்கு 272 கிராம் பருப்பு கிடைத்தால் 48. 255 கிராம் என்றால் 45. வித்தியாசம் 17 கிராம்தான். ஆனால் உங்கள் 16 டன்னில் அது 270 கிலோ பருப்பு!

பெரும்பாலும் தப்பு நடப்பது மாதிரி எடுப்பதில். கன்டெய்னர் கதவோர மூட்டைகளில் மேலாக அள்ளினால் நல்லதே கைக்கு வரும். பத்து மூட்டைக்கு ஒன்றாவது அவிழ்த்து, மேல், நடு, அடி மூன்றிலும் எடுங்கள். அரிசிக் குத்தூசி இதற்கு உதவாது, கைதான். எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நாலு கூறாக்கி, எதிரெதிர்க் கூறு இரண்டைத் தள்ளுங்கள். 1 கிலோ ஆகும்வரை இப்படியே.

முதலில் எண்ணுங்கள். கிலோவுக்கு 200ஐத் தாண்டினால் கொட்டை சிறுசு. பிறகு ஒன்று விடாமல் வெட்டுங்கள் (கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஓட்டுச்சாறு பட்டால் தோல் பொத்துப்போகும்). நல்ல பருப்பைத் தோலோடு நிறுத்து முழு எடையும், பாதி கெட்டதில் பாதி எடையும் சேருங்கள். சொத்தை, பூஞ்சணம், சுருங்கலுக்குக் கணக்கே கிடையாது. வந்த கிராமை 0.1764ஆல் பெருக்கினால் அவுட்டர்ன்.

அடுத்தது ஈரம். ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது ஏற்றினால், கடலில் கன்டெய்னர் கூரை வியர்த்து மேல் மூட்டைகளில் சொட்டும். அவைதான் பூஞ்சணம் பிடிக்கும். 8–9 சதவீதம் வரை காயவைத்த சரக்கு, சுவரிலும் கூரையிலும் கிராஃப்ட் காகிதம் (தடித்த பழுப்புத்தாள்), ஈரம் உறிஞ்சும் பைகள்: மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

'இறங்குமிடத்தில் இரு தரப்பும் சேர்ந்து வெட்டிப் பார்க்கும் கணக்கே இறுதி. 48க்குக் குறையும் ஒவ்வொரு பவுண்டுக்கும் விலை கழியும். 45க்குக் கீழே போனால் சரக்கை மறுக்கலாம்' என்ற வரி இல்லாமல் முன்பணம் கட்டவே கட்டாதீர்கள். சரக்கு ஐப்பசிக்கு முன் வந்துசேரட்டும். கடலூர் மழையில் களத்தில் காயவைக்க முடியாது.

கேள்வி: தாவர நலச் சான்றிதழ் இருந்தால் தரத்துக்கு அதுவே போதாதா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: போதாது. பூச்சி, நோய் இல்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. உள்ளே பருப்பு எவ்வளவு என்று அதில் ஒரு வார்த்தை இருக்காது.